மணியத்தாருக்கு நான் எழுதிய பதினேழாவது பாட்டு

இன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு கல்வெட்டு வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, அவருடைய சீர்சிறப்பைப் பாட்டாக்கி அச்சடித்து, சபையில் ராகம் போட்டுப் படித்து, சாப்பிட வந்தவர்கள் கையில் கொடுத்துவிடும் சின்னப் புத்தகம் அது. இப்போது படிக்கிறவரும் இல்லை, புத்தகமும் இல்லை. விரலால் தள்ளிப் பார்த்து இரண்டு கைகூப்புப் போட்டால் கடமை முடிந்தது.

போனுக்கு மணமும் இல்லை. எனக்குக் கல்வெட்டு என்றாலே ஈர மையும் பசையும் கலந்த மணம். இருபத்தொரு வயதில் உரும்பிராயில் ஒரு அச்சகத்துக்குப் பிழை திருத்தப் போனவள், ஆறு மாதத்தில் பாட்டுக் கட்டுகிறவளாகிவிட்டேன். கடவுள் இல்லை என்கிற நான்தான் ஊரில் பாதிப் பேரைச் சிவபதம் சேர்த்து வைத்தேன். ஒருத்தராவது திரும்பி வந்து முறைப்பாடு சொன்னதில்லை, பாருங்கோ.

கடவுள் இல்லை என்பதை நான் அண்ணையிடம் படித்தேன். அவர் மேடைப் பேச்சாளர் இல்லை, வெங்காயம் நட்டவர். தோட்டத்துச் செம்மண்ணைக் கையில் அள்ளி, "உதிலை கிடக்கிற இரும்புதான் எங்கடை ரத்தத்திலையும் ஓடுது. வானத்திலை ஏதோ ஒரு வெள்ளி வெடிச்சு வந்த இரும்பு. வானத்துக்கும் எங்களுக்கும் சொந்தம் இருக்குத்தானே, இடையிலை தரகர் எதுக்கு?" என்பார்.

அம்மா காதைப் பொத்துவா. "அப்ப செத்தா எங்கையடா போவாய்?"

"எங்கையும் போகமாட்டன் அம்மா. இந்தத் தோட்டத் தறையிலைதான் கிடப்பன். நீங்கள் வாய்க்காலிலை தண்ணி மாறேக்கை காலிலை படுவன்."

அதைக் கேட்டு அம்மாவும் சிரித்துவிடுவா.

இருபத்தாறு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் அண்ணை போனார். செத்தவீட்டுக்கு மணியத்தார் வந்தார். எங்கள் ஊர்க் கோயிலை நடத்தினவர், அவர் கனைத்தால் சபை எழும்பும். அம்மா அண்ணைக்கு மேல் விழுந்து கிடந்தா. அவர் குனியக்கூட இல்லை. "கடவுள் இல்லையெண்டவனுக்கு இதுதான் கூலி. போற இடத்திலையும் அனுபவிப்பான்," என்றார்.

அவ்வளவுதான். தறையில் கிடந்த பிள்ளையைத் தூக்கி நரகத்தில் போட்டுவிட்டார் அந்த மனிசன். அம்மா பிறகு தோட்டத்துப் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவருடைய கோயில் வீதியில், சுடுமணலில் விழுந்து எழும்பி அடி அழித்தா, மகனுடைய பாவம் கழியவேண்டும் என்று. முழங்கால் தோல் உரிந்து வருவா. நான் மஞ்சள் பூசுவேன். "நரகம் எண்டு ஒண்டும் இல்லை அம்மா" என்றால், "நீயும் வாயாலை கெடாதை" என்பா. அந்தப் பயத்தோடேயே செத்தா.

உங்களுக்கு ஆத்திரம் வந்தால் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நானே பார்த்தால்தான் உண்டு. பதினெட்டு வருசம் காத்திருந்தேன்.

மணியத்தார் செத்ததும் கனடாவிலிருந்து மகன் போன் எடுத்தான். "அக்கா, அப்பான்ரை பக்தியை நல்லா விரிச்சு எழுதுங்கோ." விரித்தேன். இருபது பாட்டு. பதினேழாவது இது:

மாண்டமகன் மேல்விழுந்து மாதாவும் கதறுகையில்
ஆண்டவனை மறுத்தவனுக் கிதுகூலி எனவுரைத்தார்
வேண்டியவள் வீதியிலே விழுந்தெழவும் வழிசமைத்தார்
ஈண்டிவர்போல் இறைபக்தர் இனியெவரைக் காண்பமையோ!

சின்ன வயதிலேயே வெளிநாடு போன பெடியன், அவனுக்கு என்ன தெரியும்? "சுப்பர் அக்கா" என்று பதில் போட்டான்.

அந்தியேட்டியன்று முன்வரிசையில் போய் இருந்தேன். படிக்க வந்தவர் முகாரியில் இழுத்து இழுத்துப் பதினேழுக்கு வந்தார். இரண்டாம் வரியில் குரல் தடக்கியது. சபைக்கு நடுவில் நிறுத்த முடியுமே? படித்து முடித்தார். பந்தலில் இருந்த பழைய ஆட்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெற்றிலை மடித்து வாயில் வைத்தேன். சத்தியமாய்ச் சொல்கிறேன், அப்படி ருசியான வெற்றிலையை அதற்கு முன்னும் பின்னும் நான் போட்டதில்லை.

சாப்பாடு முடிய, மணியத்தாரின் பெண்சாதி என்னை அறைக்குள் கூப்பிட்டா. ஏச்சு வாங்கத் தயாராய்த்தான் போனேன். மாமி ஏசவில்லை.

"நீ எழுதினது உண்மை பிள்ளை. அண்டைக்கு நானும் பக்கத்திலை நிண்டனான், வாய் திறக்கேல்லை. ஆனால் இப்ப எழுதி ஆருக்கடி கேக்கும்? செத்தவைக்குக் கேக்காது எண்டு சொல்லுறது நீதானே?"

மனம் வருந்தினேனா என்று கேட்டால், இல்லை. இன்னொருக்கால் கேட்டாலும் அதையேதான் எழுதிக் கொடுப்பேன். ஆனால் அந்த மனிசன் உயிரோடு இருக்கையில் எத்தனை தரம் திருவிழா நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்கு வந்து, "பிழையில்லாமல் பார் பிள்ளை" என்று என் மேசைக்கு முன்னால் நின்றவர்! தலை நிமிராமல் எழுத்துப் பார்த்துக் கொடுத்தேன், கோழை. அன்றைக்கு நாலு பேர் முன்னால் முகத்துக்கு நேரே கேட்டிருந்தால், பின்னேரமே அது அம்மாவின் காதுக்குப் போயிருக்கும்.

அச்சகம் போய்விட்டது, அந்த இடத்தில் இப்போது போன் கடை. தோட்டத்தில் ஆரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். மணியத்தாரும் இல்லை. பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் என் பாட்டுக் கேட்டது. அம்மாவுக்குத்தான் கேட்கவில்லை.