முதல் பிடிப் பொங்கல்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா தெஹியோவிட்டப் பக்கத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். அவர் தேத்தண்ணிக்குள் சீனி போடுவதில்லை. சீனி இடது உள்ளங்கையில் இருக்கும். ஒரு நக்கு, ஒரு மிடறு. கோப்பை காலியாவதற்குள் கையை மறுபடி நிரப்பவேண்டும். சீனி வியாதி வந்து, கால் பெருவிரலில் ஆறாத புண்ணும் வந்தது. சீனியையும் மாச்சாப்பாட்டையும் குறைக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். பெருவிரல் இல்லாமல் மழையில் வழுக்கும் சரிவில் நின்று எப்படிப் பால் வெட்டுவது?

அம்மா சீனி டின்னை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவிலிருந்த தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். வேளைக்கு ஒரு ரொட்டி, தட்டு நிறைய வல்லாரைச் சம்பல், தவறாமல் மாத்திரை. ஆனால் தேத்தண்ணியைக் கண்டதும் அப்பாவின் இடது கை தானாக விரியும். வெறுங்கையைப் பார்த்து எல்லோர் மேலும் எரிந்து விழுவார். ஒருநாள் அம்மா அந்தக் கையில் தேங்காயில் கீறிய ஒரு சொட்டை வைத்தார்.

"இந்தாங்க, இத கடிச்சிக்கிட்டு குடிங்க. கைக்கு என்னமோ வேணும், அவ்வளவுதான்."

மாமாவுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. "என்னா மச்சான், தேங்காய்க்கு இப்பிடி அலையிறீங்க? எலிப்பொறி பக்கம் போயிராதீங்க!"

"போடா."

"திருவிழாப் பொங்கல ஒரு வாய் திங்காம இருந்துருங்க பாப்போம். இந்த மீசைய எடுத்துர்றேன்."

தினமும் எண்ணெய் தடவி வளர்த்த மீசை அது.

எங்கள் மாரியம்மன் கோயிலில் தப்புப் பறை அடிப்பவர் கையில்தான் முதல் பிடி சர்க்கரைப் பொங்கலை வைப்பார்கள். மறுக்கக்கூடாது. அப்பாதான் தப்புக்காரர். அன்று நெய் வழியும் பொங்கலை மாமாவே அள்ளிவந்து அவர் கையில் வைத்தார். லயமே சுற்றி நின்று பார்த்தது.

அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு முழுவதையும் என் கையில் கவிழ்த்தார்.

"ஆத்தா எனக்குக் குடுத்தா. நான் எம்புள்ளைக்குக் குடுக்குறேன்."

அம்மனுக்கு உடைத்த தேங்காயில் ஒரு சில்லை எடுத்துக் கடித்தார். "இதுவும் அவ பிரசாதந்தானே?"

"சவரக்கத்திய கொண்டாங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். தப்பு மறுபடி முழங்கியது. மறுநாள் மீசையில்லாத மாமாவைப் பார்த்து அவருடைய நாயே குரைத்தது.

அடுத்த கிளினிக்கில் டாக்டர் புண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று சிங்களத்தில் மெச்சி அப்பாவின் தோளில் தட்டினார். பெருவிரல் கடைசிவரை அப்பாவிடமே இருந்தது.

பொங்கலை என் கையில் கவிழ்த்தபோது அப்பாவின் கை நடுங்கியது. நெடுநேரம் தப்படித்த களைப்பு என்றுதான் அன்று நினைத்தேன்.

இப்போது எனக்கும் சீனி வியாதி. நேற்றுத் திருவிழாவில் எல்லோருக்கும் போல் என் கைக்கும் வந்த பொங்கலை மகளின் கையில் கவிழ்த்தேன். ஒரு பருக்கைகூட நான் தின்னவில்லை. என் கையும் நடுங்கியது.

நான் தப்பு அடிப்பவன் இல்லை.

எழுதியது: திருவிழாவுக்கு மறுநாள், வெறும் தேத்தண்ணி குடித்த பிறகு.