பக்கத்து சீட்டுக்காரரின் ஜப்பான் இசை

கும்மிடிப்பூண்டி ரயிலில் தினமும் என் பக்கத்தில் உட்காருவார். இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்லில் வேலை. தடித்த கழுத்து, புருவத்தில் தீப்பொறி சுட்ட தழும்பு. ஜப்பானில் பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் தனி ஆட்களே கம்ப்யூட்டரில் செய்து வெளியிடும் இசை ஆல்பங்கள் என்றால் அவருக்கு உயிர். பிரவுசிங் சென்டரில் இறக்கி, எம்பி3 பிளேயரில் ஏற்றிக்கொண்டு வருவார். புதிதாக ஒன்று கிடைத்தால் ஒரு இயர்போனை என் காதில் செருகிவிடுவார்.

"பாட்டே இல்லியேண்ணா, வெறும் சத்தமாக்கீதே?" என்றேன் ஒருநாள்.

"நாள் பூரா மெஷின் சத்தத்துலயே கெடக்குறேன். அங்க ஒருத்தன் அதே மெஷினை வெச்சிக்கினு இம்மாம் மெதுவா பேசறான் பாரு."

பிறகு சில மாதங்கள் அவரைக் காணவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கவில்லை. மில் இரைச்சல்தான் காரணமாம்.

பிளேயரை என்னிடம் நீட்டினார். "புது ஆல்பம் வந்துக்குது. நீ கேட்டு எப்டிக்கீதுன்னு சொல்லு." தன் குரல் தனக்கே கேட்காததால் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

கேட்டேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நல்லாத்தான் கீது," என்று சந்தோஷமாகச் சிரித்தார்.

நான் அழுதது இசைக்காக இல்லை என்று அவரிடம் சொல்லவேயில்லை.