சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால், பிரவுசரில் நான் வரைந்து வைத்திருந்த பன்னிரண்டு தோல்பைகளும் கறுப்புச் சதுரங்களாகக் கிடந்தன. மவுஸை நகர்த்தினால் ஒரு பையின் கைப்பிடி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. பதினொரு மணிக்குத் தாதர் கடைக்காரர் வீடியோ காலில் அவற்றைப் பார்ப்பதாக இருந்தார். அந்த ஆர்டர் போனால் தாராவியில் எங்கள் பட்டறைக்குத் தீபாவளி வரை வேலையில்லை.

குற்றவாளியை ஒரே நொடியில் பிடித்துவிட்டேன். முந்தைய நாள் தையல் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த என் மனைவி, கம்ப்யூட்டர் பெட்டிக்கும் சந்தனம் அப்பியிருந்தாள். அதுவும் காற்றுப் போகிற ஓட்டையில். ஈரம் உள்ளே இறங்கிவிட்டது என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பெட்டியைக் கழற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் இவ்வளவு செய்ததில்லை. அவள் பாட்டுக்கு மிச்சப் பொரியை டப்பாவில் அள்ளிக்கொண்டிருந்தாள். அது இன்னும் எரிச்சல்.

பக்கத்துச் சந்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து பாய் வந்தார். சந்தனத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியில் இருந்த என் மச்சினன் கல்யாண வீடியோவை ஓட்டினார். பந்தியில் நான் மூன்றாம் முறை பாயசம் வாங்குவது துல்லியமாகத் தெரிந்தது. அப்படியானால் ஸ்கிரீனில் கோளாறு இல்லை, பிரவுசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும்தான் ஒத்துப்போகவில்லை என்றார். செட்டிங்ஸில், படம் காட்டும் வேலையைக் கார்டிடம் தள்ளிவிடும் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்து, பிரவுசரை மூடித் திறந்தார். பன்னிரண்டு பைகளும் வந்து நின்றன. மணி பத்தே முக்கால்.

அதோடு எழுந்து போயிருக்கலாம் மனிதர்.

"கார்டை ஓட்டுற கிராபிக்ஸ் டிரைவர் சாப்ட்வேர் புதுசா ஏறியிருக்கு அண்ணாச்சி. நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு. யாரு போட்டது?"

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. தொட்டால் கை விளங்காது என்று வேலையாட்களை மிரட்டியவன் நான். அவர்கள் பொரிகடலையோடு கிளம்பியதும், பைகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று திருட்டுத்தனமாகக் கம்ப்யூட்டரைப் போட்டவனும் நானே. அப்டேட் வேண்டுமா என்று ஒரு கட்டம் வந்து நின்றது. மனைவி வருவதற்குள் ஒழியட்டும் என்று சரியென்று அமுக்கிவிட்டேன். 'வேண்டாம்' பொத்தானைக் கண்ணுக்கே தெரியாத அளவில் வைத்தவன் எவனோ, அவன் மேல் எனக்கு இன்றும் ஆறவில்லை.

"ஊருக்கெல்லாம் தொடப்பிடாதுன்னு சொன்னியளே," என்றாள் மனைவி. "நீங்க மட்டும் என்ன, சாமிக்குச் சொந்தக்காரரா?"

ஆர்டர் கிடைத்தது. வீடியோ கால் முடிந்ததும் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஓட்டை இல்லாத பக்கமாகப் பார்த்து, நானே பொட்டு வைத்தேன்.