ஐம்பது வாட் போதும்

ஒரே வருஷத்தில் மூன்று ஜோடி ஸ்பீக்கர்களை எரித்திருக்கிறேன். இதைக் கேட்கிறவர்கள், காரில் கறுப்புக் கண்ணாடி ஒட்டி ஊரை எழுப்பிக்கொண்டு போகிற இளவட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார்கள். எனக்கு அப்போது அறுபத்தொன்று. கார் பழைய சாம்பல் நிறக் கார். போட்டதெல்லாம் பழைய பாட்டு.

என் மனைவி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். வீடு கிள்ளானில். நான் ஓய்வு பெற்ற வாரமே, இனி கொமுட்டர் ரயிலில் நசுங்க வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தொழிற்சாலையில் இருந்த முப்பது வருஷமும் நான் ஒரு ஷிஃப்ட், அவள் ஒரு நேரம். ஒரே வீட்டில் இருந்தோம் என்றாலும் சேர்ந்து உட்கார்ந்தது கம்மி. காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் பக்கத்தில் இருப்பாள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று நினைக்கிற ஜாதி நான்.

நீண்ட பயணம், நல்ல பாட்டு வேண்டும் என்று காருக்கு ஸ்பீக்கர் மாட்டினேன். அங்கேதான் என் மூளையைக் காட்டினேன். கதவில் மாட்டும் ஸ்பீக்கர் நூறு வாட் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அதை ஓட்டுகிற ஆம்ப்பை, அதாவது ஆம்ப்ளிஃபையரை, ஐம்பது வாட்டில் வாங்கினேன். போவதே பாதிதான், எப்படி எரியும்? பத்துப் பேர் உட்காரும் வேனில் ஐந்து பேரை ஏற்றினால் டயர் வெடிக்குமா? இந்தக் கணக்கை மூன்று கடைக்காரர்களிடம் சொன்னேன். மூன்று பேரும் தலையாட்டிவிட்டு ஆளுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் விற்றார்கள். ஒவ்வொன்றும் நாலு மாதம் ஓடும். பிறகு ஒரு நாள் கதவுப் பக்கமிருந்து கருகின வாடை வரும், அந்தப் பக்கம் ஊமையாகிவிடும்.

இதற்கிடையில் மனைவி பின் சீட்டுக்கு மாறியிருந்தாள். கைப்பை, சாப்பாட்டுப் பை எல்லாம் வைக்க இடம் வேண்டும் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். தெரிந்தவர்கள் பார்த்து, சம்பளம் எவ்வளவு கொடுக்கிறார்கள் டிரைவருக்கு என்று கிண்டல் செய்தார்கள். மூன்றாவது ஜோடி எரிந்த வாரம், சாப்பிடும்போது சொன்னாள்.

"அடுத்த மாசத்திலேர்ந்து நான் கொமுட்டர்ல போயிக்கிறேன்."

"ஏன்?"

"தலை வலிக்குதுங்க காருல."

எனக்குச் சுருக்கென்றது. சண்டை போடவில்லை. காரில் சத்தம் சரியில்லை, அதுதான் தலைவலி, அதைச் சரி செய்துவிட்டால் அவள் ரயிலில் போக மாட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். சனிக்கிழமை பாசாரில் காய்கறி வாங்கின கையோடு, அவளையும் கூட்டிக்கொண்டே கிள்ளானில் நாலாவது கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தமிழர். என் கணக்கைச் சொன்னேன். இந்த ஆள் தலையாட்டவில்லை. எரிந்த ஸ்பீக்கரைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். ஆம்ப்பைப் பார்த்தார். அட்டை ஒன்றைக் கிழித்து, பேனாவால் ஒரு குன்று வரைந்தார்.

"அங்கிள், இது பாட்டோட அலை. உங்க ஆம்ப் ஐம்பது வாட்டுக்குள்ள ஓடுனா தங்கம். நீங்க முறுக்கி முறுக்கி அதுகிட்ட எண்பது கேக்கறீங்க. அதுகிட்ட ஏது எண்பது? அலையோட உச்சிய வெட்டிட்டு மிச்சத்த அனுப்பும்." குன்றின் தலையில் ஒரு கோடு இழுத்து மேல்பாதியை அடித்தார். "இப்படி மொட்டையா போற கரண்டுதான் உள்ள இருக்கற கம்பிச் சுருள சுடுது. பெரிய ஆம்ப் போட்டு அளவா வச்சா எரியாது. சின்னத போட்டு முறுக்குனாத்தான் எரியும் லா."

மூன்று கடைகளில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே என்று அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

"ஆனா ஒண்ணு அங்கிள்," என்றார். "வெட்டுனா கரகரன்னு கேக்குமே. நீங்க சத்தத்த எறக்கியிருப்பீங்களே."

"அப்படி ஒண்ணும் கேக்கலயே. சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். நூறு வாட் தொடர்ந்து தாங்கும் ஸ்பீக்கர், நூறு வாட் தொடர்ந்து தரும் ஆம்ப் என்று பார்த்து மாட்டினார். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், ஓரத்தில் சின்னதாக இருப்பதைப் பாருங்கள் என்றும் சொன்னார். மாட்டி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கடைசி வேலை, ஆம்ப்பில் உள்ள ஒரு சின்னத் திருகை எவ்வளவு தூரம் திருப்பலாம் என்று பார்ப்பது. மெஷின் வைத்தும் பார்க்கலாம், ஆனால் ஓட்டுகிறவர் காதால் பார்ப்பதுதான் தன் வழக்கம் என்றார். நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். மனைவி வழக்கம்போல் பின்னால். பாட்டு இல்லை, ஊ என்று ஒரே நீளச் சத்தம்.

"சுத்தமா இருக்கற வரைக்கும் சும்மா இருங்க. கரகரன்னு ஒடஞ்சா கையத் தூக்குங்க."

திருப்பினார். சத்தம் ஏறியது. சுத்தமாகத்தான் இருந்தது. காத்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின் சீட்டில் மனைவியின் கை மேலே இருந்தது. உன்னையா கேட்டார் என்று முறைத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். என் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் கை அதே இடத்தில் ஏறியது. மூன்றாவது தடவையும் அதே இடம். எனக்கு ஊ என்ற சத்தம் மட்டும்தான்.

"எங்க வேல செஞ்சீங்க அங்கிள்?"

"தகர டின் ஃபேக்டரி. பிரஸ் மெஷின்."

"காதுக்கு அடைப்பான் குடுத்தாங்களா?"

கொடுத்தார்கள். முப்பது வருஷமும் அது சட்டைப் பையில்தான் இருந்தது.

"ஆன்டி கை தூக்குன எடத்துல வச்சிடறேன்," என்றார். "உங்களுக்குப் பத்தாதுதான். ஸ்பீக்கருக்கு ஏத்த ஆம்ப் என்னால போட முடியும். காத டாக்டர்கிட்ட காட்டுங்க."

கடைக்கு வெளியே காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். பாட்டுப் போடவில்லை. பின்னாலிருந்து அவள் பேசினாள். நான் உடம்பைத் திருப்பி அவள் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"நான் பேச ஆரம்பிச்சா நீங்க சத்தத்த ஏத்துவீங்க. பேசாதேன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

ஏற்றினேன், உண்மைதான். அவள் பேசியது எனக்குப் பேச்சாகவே தெரியவில்லை. திடீரென்று பாட்டு மங்கினது மாதிரி இருக்கும், ஏற்றுவேன்.

"எங்க அக்காவுக்கு ஆபரேஷன்னப்போ கேட்டேன்," என்றாள். "ரவாங்குக்கு கூட வரீங்களான்னு. ஃபெடரல் ஹைவேல வச்சு கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவயும் ஏத்துனீங்க. அதான் தனியா போனேன்."

அவள் ரவாங்குக்குப் போனதும் மூன்று நாள் அங்கே தங்கியதும் எனக்கு நினைவிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டாள் என்று, திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அதை இப்போது அவளிடம் சொன்னேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது. மன்னிச்சிடு என்று நான் சொன்னது, கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக இருந்திருக்க வேண்டும்.

"கத்தாதீங்க," என்றாள். அவள் அழவில்லை.

மாதம் பிறந்ததும் சொன்னபடியே கொமுட்டரில்தான் போனாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு வாயில்லை. இரண்டு வாரம் காலையில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காரணம் சொல்லவில்லை. நானும் பாட்டுப் போடாமல் ஓட்டினேன். அவள் பேசட்டும் என்று காத்திருந்தேன். ஷா ஆலம் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு அவளே கை நீட்டிப் பாட்டைப் போட்டு, மிகவும் கம்மியாக வைத்தாள். எனக்குத் தாளம் மட்டும் லேசாகத் தெரிந்தது.

சுபாங் பக்கம் அவள் உதடு அசைந்த மாதிரி இருந்தது. பழைய நானாக இருந்தால் ம் என்று சொல்லிவிட்டுப் பாட்டை ஏற்றியிருப்பேன்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். என் காதுப் பக்கம் சாய்ந்தாள்.

"லோரிக்கு ரொம்பக் கிட்ட போறீங்கன்னு சொன்னேன்."