நடுவில் ஒரு சிவப்புக் கொம்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேபிள்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வந்து மெலானியாவைத் தேடினால் கஷ்டமே இல்லை. சிரிப்புச் சத்தம் எங்கே பெரிதாகக் கேட்கிறதோ, அந்த வேனுக்குப் பக்கத்தில் இருப்பாள். உக்ரைனுக்குப் போகும் வேன்கள் அங்கேதான் வரிசை கட்டி நிற்கும். வாரம் முழுக்க வயதான இத்தாலியர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, திட்டும் வாங்கிக்கொண்ட எங்கள் பெண்கள் அன்று உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வருவார்கள். காபித்தூள், பாஸ்தா, பிள்ளைகளுக்குச் செருப்பு என்று பெட்டி பெட்டியாக ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். புதன்கிழமைக்குள் அவை வீட்டு வாசலில் இருக்கும். ஆட்கள்தான் அப்படிப் போக முடியாது.

மெலானியாவின் ஊர் ரெஷெத்தீலிவ்கா. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூவேலை செய்கிற ஊர். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் பூ தெரியும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே ஒரு பூவேலைக் கூடத்தில் சேர்ந்தாள். தொண்ணூறுகளில் சம்பளத்துக்குப் பதிலாக மேஜைவிரிப்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். "எங்க வீட்டுல மேஜை ஒண்ணு, விரிப்பு நாப்பது. சாப்பிடத்தான் ஒண்ணும் இல்ல" என்பாள். விரிப்புகளை ரயிலில் கூவி விற்றுப் பார்த்தாள். பிறகு கணவன் தீமிஷையும் மகள் உலியானாவையும் விட்டுவிட்டு நேபிள்ஸ் வந்து சேர்ந்தாள்.

இங்கே அவள் பார்த்துக்கொள்வது பிலோமினா அம்மாவை. சனிதா பேட்டையில் மூன்றாவது மாடி. இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டதால் அவர் கீழே இறங்குவதே அபூர்வம். ஆனாலும் தெருவில் யார் யாரோடு போகிறார்கள் என்று ஜன்னலிலிருந்தே சொல்லிவிடுவார். இளவயதில் தோல் கையுறை தைத்தவர். மெலானியாவை 'மேலா' என்று பாதியில் வெட்டிக் கூப்பிடுவார். இருவருக்கும் காலையில் காபியில் ஆரம்பிக்கும் சண்டை இரவு சூப்பில் முடியும்.

"மேலா, இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"கழுவின தண்ணிதான். உங்களுக்குப் பிடிக்குமேன்னு உப்பு போட்டேன்."

இந்த நிலையில்தான் உலியானாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மெலானியாவின் தங்கும் அனுமதி அப்போது ஏதோ ஓர் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அனுமதி கைக்கு வருமுன் எல்லை தாண்டினால் திரும்பி வர முடியாது. போகவே முடியாது என்று தெரிந்த அன்று அழுதாள். மறுநாள் தொலைபேசிக் கடையில் நின்று மகளிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

"நான் வரலைன்னா என்ன? என் கை வரும். துணியை அனுப்பு!"

துணி என்றால் கல்யாணத் துணி. தேவாலயத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் அதன்மேல்தான் நிற்பார்கள். வெட்டோ ஒட்டோ இல்லாத ஒரே நீளத் துணியாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் பூவேலை. பின்பக்கத்தில் ஒரு முடிச்சு இருக்கக் கூடாது; முடிச்சு விழுந்தால் தாம்பத்தியத்திலும் விழும். நடுப்பகுதி முழுக்க வெறுமையாக இருக்க வேண்டும். அது கடவுளின் இடம். அங்கே ஊசியே படக் கூடாது.

ஒரு முனையை உலியானா ஊரில் தைத்தாள். வேன் ஓட்டுநர் ஒஸ்தாப் துணியை இங்கே கொண்டுவந்தான். மகள் தைத்ததை மெலானியா திருப்பிப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் ஒரு அழைப்பு அட்டை முழுசும் தீரும்வரை திட்டினாள். துணி திரும்பிப் போனது, பிரிக்கப்பட்டது, மறுபடி வந்தது. மூன்று எல்லைகளிலும் சுங்கக்காரர்களுக்கு அந்தத் துணி பழக்கமாகிவிட்டது என்று ஒஸ்தாப் சொல்வான். கடைசியில் மகளின் முனை தேறியது. மறுமுனையைத் தாய் தொடங்கினாள்.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், மாப்பிள்ளையின் அம்மா பரஸ்கா. மெலானியா வேலை பார்த்த அதே பூவேலைக் கூடத்தில் சரிபார்க்கும் மேஜையில் இருந்தவள். எந்தத் துணியையும் முன்பக்கம் பார்த்துப் பழக்கமில்லாதவள். நிச்சயத்தன்று ஊரார் காது கேட்கவே சொன்னாளாம்: "வெளிநாட்டுல பாஸ்தா கிண்டுற கைக்கு இன்னும் ஊசி பிடிக்க வருமா? பார்ப்போமே!" அன்றிலிருந்து மெலானியாவுக்கு ஒரே ஒரு குறிதான். அந்தத் துணியில் பரஸ்கா விரல் வைக்க ஓர் இடம் கிடைக்கக் கூடாது.

மாலையில் சாப்பாடு முடிந்ததும் பிலோமினா அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து தைப்பாள். அவர் தலையணையில் சாய்ந்தபடி மேற்பார்வை.

"வெள்ளையில வெள்ளை. யாருக்குத் தெரியப்போகுது?"

"பார்க்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

"என்ன அது, ஒடிஞ்ச குச்சியா?"

"ஒடிஞ்ச கிளை. எங்க ஊர்ல அந்தக் கோலத்துக்கு அதான் பேரு."

"கல்யாணத்துக்கு ஒடிஞ்ச கிளையா! வெளங்கிரும். சரி, நடுவுல ஏன் மொட்டையா விட்டிருக்கே?"

அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கிவிட்டது. "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மெலானியா சமையலறைக்கு ஓடினாள். பிலோமினா அம்மா அந்தப் பதிலை நம்பவில்லை. பாவம், இவளுக்கு நேரம் போதவில்லை, வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

கல்யாணம் அடுத்த சனிக்கிழமை. துணி இந்த ஞாயிறு வேனில் ஏறியே தீர வேண்டும். புதன் இரவு கடைசித் தையலைப் போட்டு, இஸ்திரி பண்ணி, மடித்து அலமாரியில் வைத்தாள் மெலானியா. வியாழன் பிற்பகல் இங்கே வீட்டு வேலைக்காரர்களுக்கு ஓய்வு. எங்களோடு கடற்கரைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பாட்டும் பாடினாள்.

ஞாயிறு காலை. வேனுக்குப் பக்கத்தில் நாங்கள் சூழ்ந்துகொண்டோம். "காட்டு, காட்டு!" என்றாள் லிவிவ் நகரத்துக்காரி ஸ்தெஃபா. மெலானியா பெருமையாகத் துணியை உதறி விரித்தாள். ஒரு முனை நான் பிடித்தேன், மறுமுனையை ஸ்தெஃபா பிடித்தாள். வெயில் சாய்வாக விழுந்து கிளைகள் எழுந்து நின்றன.

நடுவில், கச்சிதமாக நட்டநடுவில், ஒரு சிவப்புக் கொம்பு.

விரல் நீளம். மிளகாய்ப்பழம் போல வளைந்து, நுனி கூர்ந்து, பளபளவென்று இருந்தது. இந்த ஊரில் கண் படாமலிருக்க வண்டியிலும் வாசலிலும் கழுத்திலும் தொங்கவிடுகிறார்களே, அதே கொம்பு.

மெலானியாவுக்குச் சிறிது நேரம் மூச்சே வரவில்லை. பிறகு வந்தது, சத்தத்தோடு.

"பிலோமினா!"

"அழகாத்தான் இருக்கு" என்றான் ஒஸ்தாப். நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் டயரைப் பரிசோதிக்கக் குனிந்துவிட்டான்.

"பிரிச்சுரு. இங்கயே உக்காந்து பிரி" என்றாள் ஸ்தெஃபா.

"ஞாயித்துக்கிழமை ஊசி எடுக்கவா? அதுவும் கல்யாணத் துணியில?" என்று பதறினாள் மெலானியா.

"குத்தக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கு. பிரிக்கக் கூடாதுன்னு எங்க சொல்லியிருக்கு?"

"ஊசி ஊசிதான்!" என்றது ஒரு கூட்டம். "அவசரத்துக்குப் பாவமில்ல" என்றது இன்னொரு கூட்டம். பாதிரியாரைக் கேட்கலாம் என்று ஒருத்தி சொல்ல, அவர் பூசையில் இருக்கிறார் என்று இன்னொருத்தி சொன்னாள். வேன் பக்கத்தில் பெரிய திருச்சபை மாநாடே கூடிவிட்டது.

"பன்னெண்டுக்கு வண்டியை எடுத்துருவேன். எல்லையில வரிசை நிக்குது" என்று டயரிடம் சொன்னான் ஒஸ்தாப்.

ஸ்தெஃபா வேன் படியில் போய் உட்கார்ந்தாள். நல்ல அகலமான பெண். "எடு, பார்க்கலாம். மெலானியா, நீ பிலோமினாகிட்ட ஓடு."

மெலானியா ஓடினாள். கூடவே நானும். பஸ்ஸில் முழு வழியும் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த அம்மாவை என்னென்ன சொல்லித் திட்டுவது என்று இரண்டு மொழியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிலோமினா அம்மா ஜன்னலில் இருந்தார். பூசையை வானொலியில் கேட்டு முடித்து, நல்ல உடை உடுத்தி, காதில் தோடுகூடப் போட்டிருந்தார். பாராட்டுக்குத் தயாராக இருந்தார் என்று பிறகுதான் புரிந்தது.

"வந்துட்டியா? பார்த்தியா? அழுதியா?"

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க!" ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய் அது மட்டும்தான் வந்தது.

"மொட்டையா அனுப்பப் பார்த்தே. உன் மானம் போகக் கூடாதுன்னு ஒரு மத்தியானம் பூரா உக்காந்து தைச்சேன். இந்த இடுப்போட! பட்டு நூல் அது, என் கல்யாணத்துக்கு வாங்கினது."

"அது மொட்டை இல்லம்மா. அது கடவுளோட இடம். அங்க ஒரு தையல்கூட வரக் கூடாது."

"கடவுளோட இடமா?"

"ஆமா."

"நான் அதுல குடியேறிட்டேனா?"

"கொம்போட குடியேறிட்டீங்க."

"அப்போ வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே? நான் கேட்டேன்ல? அது அப்படித்தான்னு சொன்னா எனக்கு என்ன தெரியும்!" கோபத்தில் தோடு ஆடியது. பிறகு குரல் தானாக இறங்கியது. "இப்ப என்ன பண்றது? உன் மக என்ன சொல்வா?"

"மக சிரிப்பா. பரஸ்காவும் சிரிப்பா. அந்தச் சிரிப்பைத்தான் என்னால தாங்க முடியாது. அங்க நான் இல்ல, அந்தத் துணிதான் நான்." மெலானியா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "எந்த ஊசியில தைச்சீங்க? கையுறை ஊசியா?"

கேட்டபோது அவள் முகம் வெளுத்திருந்தது. தோல் தைக்கும் ஊசிக்கு முனை மூன்று கூர்விளிம்போடு இருக்கும். துணியில் இறக்கினால் இழையையே அறுத்துவிடும். அறுந்தது மூடாது.

"என்னை என்னன்னு நினைச்சே? தோலுக்கு ஒரு ஊசி, துணிக்கு ஒரு ஊசி. உன் டப்பாவுல இருந்துதான் எடுத்தேன்."

மெலானியா துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். விரலால் தடவினாள். ஒரு முடிச்சு இல்லை.

"முடிச்சே போடலையா?"

"கையுறைக்குள்ள முடிச்சு போட்டா விரலை உறுத்தும், முதலாளி அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவான். கொண்டா இங்க."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நான் ஊசி தொட மாட்டேன்."

"நீ தொடாதே. நான் குத்தினேன், நானே எடுக்கிறேன். பாவம் என் கணக்குல ஏறட்டும்; அங்க ஏற்கெனவே நிறைய இருக்கு, இது ஒண்ணும் துருத்திக்கிட்டு நிக்காது. கண்ணாடியை எடு. வெளிச்சத்தை மறைக்காம நில்லு."

ஊசியின் முனையை ஒதுக்கிவிட்டு, காதுப் பக்கத்தால் தையலைத் தூக்கினார். ஒவ்வொன்றாக. வெட்டவே இல்லை. சிவப்புப் பட்டு ஒரே இழையாகச் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது. மெலானியாவுக்குக் கடிகாரத்தைப் பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம். நான் ஸ்தெஃபாவை நினைத்துக்கொண்டேன்.

கொம்பு போனதும் அதே வடிவத்தில் பொடிப்பொடியான துளைகள் தெரிந்தன. மெலானியா விரல் நனைத்து அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து, நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லச் சுரண்டினாள். லினன் இழைகள் ஈரத்தில் உப்பி ஒன்றோடொன்று நெருங்கின. இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தாள். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள்.

"எங்க இருந்துச்சு?" என்றார் பிலோமினா அம்மா.

"தெரியல."

"எனக்கும் தெரியல." உடனே நிமிர்ந்தார். "நல்லா தைச்சிருந்தேன், இல்ல?"

"ரொம்ப நல்லா தைச்சிருந்தீங்க."

துணியோடு பெண்ணுக்கு என்று ஒரு சின்ன வலைப்பை நிறையச் சர்க்கரை பூசிய பாதாம் கொடுத்தார். இங்கே அது இல்லாமல் கல்யாணம் இல்லை. நாங்கள் திரும்பி வந்தபோது வேன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, படியில் ஸ்தெஃபா ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். "இறங்கச் சொல்லிக் கெஞ்சினான். எனக்குக் கால் மரத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்" என்றாள். அன்று மாலை மெலானியா மகளைக் கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னாள். மறுமுனையில் உலியானா சிரித்த சிரிப்பு கடைக்கு வெளியே வரை கேட்டது.

சனிக்கிழமை மாலை உலியானாவின் தொலைபேசி வந்தபோது பிலோமினா அம்மாவும் மெலானியாவும் நானும் கட்டிலோரத்தில் இருந்தோம். மெலானியா கேட்டுக் கேட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு வரியாக இத்தாலிய மொழியில் சொன்னாள். தீமிஷ் துணியை விரித்தார். மணப்பெண், அம்மா தைத்த முனைப் பக்கம் நின்றாள். பாதிரியார் ராகம் இழுத்தார்.

"அந்தப் பரஸ்கா? திருப்பிப் பார்த்தாளா?"

"வீட்டுல ஒரு தடவை, கோயில் வாசல்ல ஒரு தடவை. முடிச்சைத் தேடி விரலால தடவினாளாம். கடைசியில, 'கை இன்னும் இருக்கு'ன்னு சொன்னாளாம். அவ வாயில அதுக்கு மேல வராது."

"நடுவுல பார்த்தாளா? என் இடத்துல?"

"பார்த்தா. அங்க ஒண்ணும் இல்லையே."

"அதைத்தான் சொல்றேன்! ஒண்ணுமே இல்லாத மாதிரி பிரிக்கிறதுக்குக் கை வேணும். அந்தக் கையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாளா?"

சிரித்துக்கொண்டே தொலைபேசியைக் காதில் வைத்த மெலானியா சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "என்னது? பாதாம் பையிலயா?" மெதுவாகத் திரும்பி பிலோமினா அம்மாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், தெருவில் ஏதோ முக்கியமாக நடப்பதுபோல.

"பாதாமுக்கு அடியில சிவப்பு நூலைச் சுருட்டி வச்சிருந்தீங்களா?"

"தூக்கிப் போடவா? பட்டு."

"உலியானா அதை எடுத்து செருப்புக்குள்ள வச்சுக்கிட்டாளாம். அதோடதான் துணி மேல, நடுவுக்குப் பக்கத்துல நின்னாளாம். யாருக்கும் தெரியாது. பரஸ்காவுக்கும் தெரியாது."

பிலோமினா அம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்தக் கால்?"

மெலானியா தொலைபேசியில் கேட்டாள். "இடது."

"இடதா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்படியா பொண்ணை வளர்க்கிறது? வலதுல மாத்தச் சொல்லு, இப்பவே. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள!"

மெலானியா மகளிடம் சொன்னாள். செருப்பைக் கழற்றும் சத்தம் எங்களுக்கும் கேட்டது.