நாங்கள் பஸ் ஏறாத சனிக்கிழமை

அமெரிக்காவின் தென்பகுதி நகரமொன்றில் கறுப்பின மக்கள் ஓராண்டுக்கு மேல் பஸ்ஸே ஏறவில்லை என்று நோர்வேயில் நாங்கள் குடியிருந்த புருசெத்தின் நூலகத்துப் புத்தகமொன்றில் படித்தபோது எனக்குப் பத்து வயது. முன் இருக்கைகளை வெள்ளையருக்கென்று ஒதுக்கியதை எதிர்த்து, வீட்டு வேலைக்குப் போன பெண்கள்கூட மைல் கணக்கில் நடந்தார்களாம். படித்து முடித்தபோது என் காதெல்லாம் சூடாகியிருந்தது.

அதற்கு முந்தைய வாரம்தான், பஸ்ஸில் அம்மா உட்காரப் போன இருக்கையில், பக்கத்தில் இருந்த ஒரு ஆள் அவசரமாகத் தன் பையைத் தூக்கி வைத்திருந்தார். அம்மா இறங்கும்வரை நின்றுகொண்டே வந்தார்.

சனிக்கிழமை காலை அறிவித்தேன்: "இண்டைக்கு ஒருத்தரும் பஸ் ஏறுறேல்லை. ட்வெய்ட்டாவுக்கு நடந்துதான் போறம்!"

அங்கேதான் எனக்கும் தம்பிக்கும் தமிழ் வகுப்பு. அம்மா துப்புரவு வேலை செய்த முதியோர் இல்லமும் அங்கேதான்.

"உனக்கென்ன விசரே? எனக்கு வேலைக்குப் பிந்திப்போகும்."

"அந்தப் பொம்பிளையளும் வேலைக்குத்தானே நடந்தவை!"

அம்மா நடக்கிற சப்பாத்தை எடுத்துப் போட்டார்.

பீட்சாப் பெட்டி மட்டையில் எழுதிய பதாகையோடு நான் முன்னால், தம்பி பின்னால். தெருவில் மெதுவாகக் கதைக்கச் சொல்லி எப்போதும் அதட்டும் அம்மா, நாங்கள் தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் முழங்கியதை அன்று தடுக்கவேயில்லை. வழியில் ஒரு தரிப்பிடத்தில் வந்து நின்ற பஸ்ஸின் கதவு திறந்தது.

"ஏறவில்லையா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார் ஓட்டுநர்.

"இல்லை, புறக்கணிக்கிறோம்!"

"ஐயோ, நான் என்ன செய்தேன்?"

அவர் ஒரு கறுப்பினத்தவர். என் போராட்டத் திட்டத்தில் அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. திணறிப்போய், புத்தகத்தில் இருந்ததை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் பஸ் அதிரச் சிரித்தார்.

"அப்படியென்றால் நான் உங்களை ஏற்றவே கூடாது" என்று கதவை மூடி, நீளமாக ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். நானும் தம்பியும் துள்ளிக் குதித்தோம். உலகத்தையே வென்றுவிட்டது போலிருந்தது.

ட்வெய்ட்டாவை நெருங்கும்போது அம்மா கேட்டார்: "அந்தச் சனம் வெண்டாப்பிறகு, பஸ்ஸிலை எங்கை இருந்தது?"

"முன்னாலைதான் அம்மா! சட்டமே மாறிட்டுது!"

"முன்னாலை இருக்கேக்கை, பக்கத்திலை இருந்தவை ஒண்டும் சொல்லேல்லையோ?"

புத்தகத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் நான் படித்திருக்கவில்லை. "இல்லை" என்று அடித்துச் சொன்னேன். அம்மா தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிய கதையைச் சொன்னேன். அம்மா ஏன் பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றிக் கேட்டார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.