படலையில் கட்டிய வேப்பிலை

அறுபதுகளின் நடுப்பகுதி. அப்போது நாங்கள் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் உருத்திரபுரத்தில் இருந்தோம். கணவருக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல். எனக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர் வேலை. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஐந்து. எத்தியோப்பியாவில் பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு சர்வதேசப் பாடசாலைக்குக் கணக்கு ஆசிரியர் தேவை என்று பத்திரிகையில் பார்த்து, சும்மா ஒரு விண்ணப்பம் போட்டுவைத்தேன். கிடைத்துவிட்டது! குடும்பத்தோடு வாருங்கள், வீடும் தருகிறோம் என்று கடிதம்.

"பெண்சாதிக்குப் பின்னால கப்பலேறப் போறான்" என்று ஊர் கணவரைக் கேலி செய்தது. அவர் சிரித்துக்கொண்டே வயலைத் தம்பியிடம் ஒப்படைத்தார். எனக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. அடிஸ் அபாபாவில் குளிர் என்று கேள்விப்பட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் கம்பளிச் சட்டை பின்னி முடித்தேன்.

கொழும்புக்குப் புறப்படும் நாள் காலை மகளைக் குளிப்பாட்டப் போனால், முதுகில் ஐந்தாறு கொப்புளங்கள். உடம்பு கணகணவென்று சுட்டது. கொப்புளிப்பான்! எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று சொல்ல மாட்டோம். அம்மாள் வந்திருக்கிறா என்போம். வாசல் படலையில் வேப்பிலை கட்டிவிட்டால், பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள்வரை வீட்டார் வெளியே போவதில்லை, வெளியார் உள்ளே வருவதில்லை. கணவர் வேப்பங்கொப்பு ஒன்றை முறித்துப் படலையில் கட்டிவிட்டு வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் கப்பல். அதை விட்டால் பாடசாலை தொடங்கிவிடும், வேறு யாரையாவது எடுத்துவிடுவார்கள்.

"அம்மாள் வந்த வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாதப்பா" என்றார் அவர்.

"கப்பலுக்கு அம்மாளைத் தெரியுமே?" என்று பாய்ந்தேன். "ஏறுறதுக்குள்ள எல்லாம் காய்ஞ்சிடும். நீங்கள் பேசாமல் இருங்கோ."

நேரே போய் வேப்பிலையைப் பிய்த்து வேலிக்கு அப்பால் எறிந்தேன். மகளுக்குக் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை மாட்டிவிட்டேன். வழியனுப்ப வந்த சனம் அவளைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சியது. நான் வாயே திறக்கவில்லை. நாலு எழுத்துப் படித்தவள் செய்த வேலையைப் பாருங்கள்!

கிளிநொச்சியில் பகல் ரயில் ஏறினோம். எதிர் இருக்கையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் அம்மா. பக்கத்தில் நிறைமாதமாக அவருடைய மகள்; தலைப்பிரசவத்துக்கு வவுனியாவில் இருக்கும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறாராம். ஆவணி வெயிலில் கம்பளிக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்த என் பிள்ளையையே அவர் பார்த்துக்கொண்டு வந்தார்.

"புள்ளைக்கு ஏன் இந்த வெயிலுக்குள்ள இது?"

"சளி, தடிமன் காய்ச்சல்" என்றேன், கூசாமல்.

மாங்குளம் தாண்டியதும் மகள், "அம்மா, கடிக்குது" என்று சட்டைக் கையை மேலே இழுத்துச் சொறிந்தாள். கை முழுக்கக் கொப்புளம்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு எதிரே இதைக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறேனே! அந்த அம்மா சத்தம் போடவில்லை. மகளைக் கைப்பிடித்து அடுத்த பெட்டிக்குக் கூட்டிப்போய் இருத்திவிட்டுத் திரும்பி வந்தார். பெட்டி முழுக்கக் கேட்கும்படி ஏசப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது.

"எங்க போறீங்க, தங்கச்சி?" என்றார்.

கப்பல், வேலை, பிய்த்து எறிந்த வேப்பிலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையும் கூடவே வந்தது.

"டொக்டர் கண்டா கப்பல்ல ஏத்தமாட்டாங்க. ஏத்தினாலும் கடல்ல புள்ள படுற பாட்டை யோசிச்சீங்களா? ஆறு பெத்தவள் சொல்றன், இது மூணு நாள்ல காயாது. வவுனியாவில இறங்குங்க. எங்கட வீட்டுல ஒரு அறை இருக்கு."

"உங்கட மகள் அங்கதானே இருக்கப் போறா?" என்று கணவர் தயங்கினார்.

"அவ என்ட தங்கச்சி வீட்டுல நிப்பா. அது அடுத்த தெரு."

தாய்வீட்டில் பிள்ளை பெற வந்தவளை எங்களுக்காக வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மகளுக்குப் பாய் விரித்துக் கொடுத்த கையோடு, முற்றத்து வேம்பில் ஒரு கொப்பை முறித்துத் தன் வீட்டுப் படலையில் கட்டினார். "இது எங்கட வழக்கமெல்லோ?" என்றேன்.

"உங்கட முறையில குறை வைக்கப்படாது தங்கச்சி. அதோட, தெருவால போற வயித்துப்புள்ளக்காரிகளுக்கும் தெரியவேணும்தானே" என்றார்.

அந்தப் பின்பாதிதான் என்னைச் சுட்டது. காலையில் நான் பிய்த்து எறிந்தபோது, அந்த இலை யாருக்காகக் கட்டப்படுகிறது என்று ஒரு நொடி நினைத்திருந்தால்!

கடையிலிருந்து வந்த அவருடைய கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "புள்ளைக்கு இளநீர் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றே தபால் கந்தோருக்குப் போய், பிள்ளைக்கு அம்மை, கப்பலுக்கு வர முடியவில்லை என்று தந்தி அடித்தேன். வேலை போனதென்றே முடிவு கட்டிவிட்டேன். நாலாம் நாள் பதில் வந்தது: "பிள்ளை சுகமானதும் அடுத்த கப்பலில் வாருங்கள். அதுவரை வகுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." அட, இதை நான் கிளிநொச்சியிலிருந்தே கேட்டிருக்கலாமே!

இரண்டு கிழமை, பதினாலு நாளும் அந்த வீட்டுச் சோறு சாப்பிட்டோம். மகனுக்கு முந்தின வருஷமே வந்து போனதால் அவனுக்கு ஒன்றும் இல்லை. மகளுக்குத் தண்ணீர் வார்க்க வேப்பிலையும் மஞ்சளும் எடுத்துத் தந்ததும் அந்த அம்மாதான். எனக்குக் கவலையெல்லாம் அடுத்த தெருவில் இருந்த பெண்ணைப் பற்றி. அடிஸ் அபாபாவுக்குப் போன பிறகும் சோறு இறங்கவில்லை. பெண் குழந்தை, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு பொட்டுக் குறையும் இல்லை என்று கடிதம் வந்த அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அங்கே எங்களுக்கு இரண்டாம் வருஷம். வேறொரு நாட்டிலிருந்து புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், நல்ல வெயில் நேரத்தில் தன் மகனைக் கம்பளிச் சட்டையால் மூடி என் வகுப்புக்குக் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "தடிமன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையின் சட்டைக் கையை மெல்ல உயர்த்தினேன்; அதே கொப்புளங்கள். "பாடசாலைக்குச் சொல்லுங்கள், ஒன்றும் செய்ய மாட்டார்கள். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, இவன் சுகமாகும்வரை எங்களோடு இருக்கட்டும்" என்றேன். அந்த ஊரில் வேம்பு எங்கே கிடைக்கும்? கணவர் தெருவோர யூகலிப்டஸ் மரத்தில் ஒரு கொப்பை முறித்து எங்கள் வாசலில் கட்டினார்.

இன்றைக்கும் எங்காவது ஒரு படலையில் வேப்பிலையைக் கண்டால், அதை நான் பிய்த்து எறிந்த காலையும் அந்த அம்மா கட்டிய மத்தியானமும் சேர்ந்தே நினைவுக்கு வரும்; அந்த வெட்கம் போகவில்லை, போகவும் வேண்டாம், அதுதான் என் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.